இரத்தத்திலா இருக்கிறது தொழில்?

"கடல் எங்க ரத்தத்துலயே இருக்குது" என்று கொட்டிவாக்கம் குப்பத்தில் ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். உழைத்தவரின் பெருமை அது, மதிக்கிறோம். ஆனால் அதே சொல்லை ஆளுகிறவர்கள் சொல்லும்போது எச்சரிக்கையாய் இருக்கவேண்டும், தோழர்களே!

காற்றையும் நீரோட்டத்தையும் அந்தப் பெரியவர் கருவிலா கற்றார்? சிறு வயதில் தகப்பனாரோடு கட்டுமரம் ஏறி, அடிபட்டுக் கற்றார். பிறகு ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தன. இன்று குப்பத்து வாலிபன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறான். அது எந்தப் பாட்டன் இரத்தத்தில் இருந்தது? பெரம்பூர் பின்னி ஆலையில் தறி ஓட்டியவர்களில் எத்தனையோ பேரின் முன்னோர் ஏர் பிடித்தவர்கள். ஆலை வந்தது, கை பழகியது.

கை மட்டுமல்ல, யோசனையும் அப்படியே. சோவியத் அறிஞர் லூரியா 1931, 1932-ம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை, இவற்றில் சேராதது எது என்று கேட்டார். எழுத்தறியாத விவசாயிகள் நான்கும் ஒன்றுக்கொன்று வேண்டியவை என்றார்கள். அவர்கள் முட்டாள்களல்ல, அவர்கள் வேலை கற்பித்த விடை அது. கொஞ்ச காலம் படித்தவர்கள் கருவிகளைத் தனியே பிரித்தார்கள். ஜனங்கள் ஒன்றே, வாழ்க்கைதான் மாறியிருந்தது.

இந்த உண்மையை மறைத்துத்தான் 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைப் புகுத்தியது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில்! அன்று கொட்டிவாக்கமும் செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமம்தான். மீனவன் மகன் வலைக்கு, பண்ணையாள் மகன் மாட்டுக் கொட்டிலுக்கு. வக்கீல் மகனுக்கோ வீட்டில் புத்தகம் காத்திருக்கும்! ஜனங்கள் இதைக் 'குலக்கல்வி' என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜ் முதன்மந்திரியானதும் திட்டம் ஒழிந்தது. 1956-ல் பள்ளிகளில் பகலுணவு வந்தது. தமிழகத்தில் எழுத்தறிந்தோர் 1951-ல் நூற்றுக்குச் சுமார் 20 பேர். 2011-ல் 80 பேர். அறுபது ஆண்டில் இரத்தமா மாறியது? பள்ளிக்கூடமும் சோறும் வந்தன!

பழைய பேச்சு புது உடுப்பில் மறுபடியும் வருகிறது. 2023-ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் உண்டு. படகு கட்டுவதும் வலை பின்னுவதும் அவற்றில் சேர்ந்தவை. கைவினைஞருக்குக் கடன் கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் குடும்ப வழித் தொழிலைப் பேணுவது அதன் நோக்கமாம். 18 வயதிலேயே சேரலாமாம். அது கல்லூரி வாசலில் நிற்கவேண்டிய வயதல்லவா? வயதை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு என்று தமிழக அரசு கேட்டது. 2024 நவம்பரில் திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்தது. அது சரியே.

மீனவன் மகள் விரும்பினால் வலை பிடிக்கட்டும், விரும்பினால் கடலை ஆராயும் விஞ்ஞானியாகட்டும். தீர்மானிக்க வேண்டியவள் அவள். பாட்டன் தொழில் அல்ல.

உங்கள் தெருவில் இந்த வருஷம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை யார்? இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போவோம்!