உண்டியல் நிறைந்தால் மட்டும் போதுமா?

அக்டோபர் பிறந்துவிட்டால் நகரங்களில் இளஞ்சிவப்பு நாடாக்கள் தென்படத் தொடங்குகின்றன. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடைப்பயணங்கள், ஓட்டங்கள், நிதி வசூல்கள் எனப் பல நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இத்தகைய வசூலை இடதுசாரி இயக்கத்தினர் எவ்வாறு அணுக வேண்டும்? ‘இது வெறும் தர்மகாரியம்’ என்று ஒதுங்கி நிற்பதும் தவறு. ரசீதைக் கிழித்துக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கருதுவதும் தவறு.

பிரச்சனையின் அளவு சிறிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அளித்துள்ள மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் இந்நோய்க்குப் பலியாயினர். இரண்டு புதிய நோயாளிகளுக்கு ஒரு மரணம் என்ற இந்த விகிதத்திற்கு, நோயைக் காலங்கடந்து கண்டறிவதும் சிகிச்சைச் செலவைத் தாங்க முடியாமையும் முக்கியக் காரணங்களாகும்.

மக்கள் பணத்தில் எழுந்தவை

தென்னகத்தில் புற்றுநோய் சிகிச்சையின் வரலாறே மக்கள் நன்கொடையின் வரலாறுதான். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனத்தை வளர்த்தெடுத்ததில் பொதுமக்களின் காசுக்கும், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் வாழ்நாள் உழைப்புக்கும் பங்குண்டு.

திருப்பதியிலும் இதுவே நிலை. 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் பின்னே திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிற்கிறது. ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்காகத் தேவஸ்தானம் பிராணதான அறக்கட்டளையையும் நடத்துகிறது. தேவஸ்தானம் அளித்த 25 ஏக்கர் நிலத்தில் டாடா அறக்கட்டளை கட்டிய புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டது. மொட்டையடித்து மலையேறும் விவசாயியின், தறி நெய்பவரின் காசும் இவற்றில் கலந்திருக்கிறது. நம்பிக்கை அவரவர் உரிமை. அந்தப் பணம் நோயுற்றோரைச் சென்றடைவது வரவேற்கத்தக்கதே.

வசூல் எட்டாத இடம்

ஆனால் மருத்துவமனையின் வாசல்வரை வந்து சேராத பெண்ணை என்ன செய்வது? நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியில் நிற்கும் பெண்ணுக்கும், மாங்கூழ் ஆலைகளில் பருவகால வேலை பார்க்கும் பெண்ணுக்கும் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கட்டி வலிக்காதவரை அது நோயாகவும் தெரிவதில்லை. மாநிலத்தின் தென்கோடியில் உள்ள குப்பத்திலிருந்து திருப்பதிக்கு வந்து திரும்புவதற்கே ஒரு நாள் போய்விடும். அரசின் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் துணைக்கு வருபவரின் சாப்பாடு போன்ற செலவுகளைக் குடும்பமே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகப் பரிசோதனை செய்தனர். ஒன்றரை லட்சம் பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரங்களின்றி, பயிற்சி பெற்ற கைகள் சாதித்தது இது.

திருப்பதியிலிருந்து கிராமங்களுக்குச் செல்லும் ‘பிங்க் பஸ்’ பரிசோதனை வாகனங்கள் நல்ல முயற்சியே. ஆனால் வாகனம் வந்து போய்விடும். ஏஎன்எம் செவிலியரும் ஆஷா ஊழியரும் ஊரிலேயே இருப்பவர்கள். அந்த ஆஷா ஊழியரை இன்றும் ‘தன்னார்வலர்’ என்று அழைத்து, தொழிலாளிக்குரிய தகுதியை மறுக்கிறது ஒன்றிய அரசு. அவரது ஊதியப் போராட்டமும் புற்றுநோய்க்கு எதிரான போராட்டமும் வேறு வேறல்ல.

யாருக்கான ஆராய்ச்சி?

ஆராய்ச்சிக்காகத் திரட்டும் நிதியிலும் இதே கேள்வி எழுகிறது. அறுவைச் சிகிச்சைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற சாதாரண மரப்பு மருந்தைச் செலுத்தினால் என்னவாகும் என்று டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் 11 மையங்களில் ஆராயப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் மருந்து பெறாத குழுவில் 86.4 சதவீதம்; பெற்ற குழுவில் 90.1 சதவீதம். செலவு 100 ரூபாய்க்கும் குறைவு. காப்புரிமையற்ற மலிவு மருந்தில் லாபம் இல்லை என்பதால், எந்தப் பன்னாட்டு நிறுவனமும் இத்தகைய ஆய்வுக்கு ஆர்வம் காட்டாது. அணுசக்தித் துறையின் பொதுப்பணம்தான் இதைச் சாத்தியமாக்கியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண், நோவார்ட்டிஸ் காப்புரிமை வைத்துள்ள ரைபோசிக்லிப் மருந்துக்கு மாதம் 58,140 ரூபாய் செலவாவதாகக் கூறி, கட்டாய உரிமம் வழங்கக் கோரி 2022-ல் உயர் நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அரசு நினைத்தால் முடியாத காரியமல்ல இது. 2012-ல் வேறொரு புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனத்திற்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ரூபாயாக இறங்கியது. அதற்குப் பின் அந்தச் சட்டப்பிரிவு உறங்குகிறது. மாதம் 58,000 ரூபாயை எத்தனை உண்டியல் குலுக்கி, எத்தனை பெண்களுக்குத் திரட்டுவது?

தோழர்களின் பணி

உண்டியல் குலுக்குவது இடதுசாரி இயக்கத்திற்குப் புதிதல்ல. வேலைநிறுத்தக் காலங்களிலும் வெள்ளக் காலங்களிலும் குலுக்கிய கைகள்தான் இவை. அந்த மரபில், காசு கேட்கும்போதே அது ஏன் தேவைப்படுகிறது என்பதையும் மக்களிடம் சொல்வதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான வசூலிலும் அதையே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு முறையான பரிசோதனை வேண்டும். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசப் பயணமும் கூலி இழப்பீடும் வேண்டும். காப்புரிமை மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் வேண்டும். 2025-க்குள் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017-ல் அளித்த வாக்குறுதிக்கு ஒன்றிய அரசு கணக்குச் சொல்ல வேண்டும். நன்கொடை பெறும் நிறுவனங்களும் எத்தனை ஏழைப் பெண்களுக்கு என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது என்று பகிரங்கமாகக் கூற வேண்டும்.

நன்கொடை இன்று ஓர் உயிரைக் காக்கலாம். அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. அடுத்த பெண் கையேந்தாமல் பிழைக்கும் நிலையை உருவாக்குவது அரசியல் போராட்டமே. ஒரு கையில் உண்டியலும் மறு கையில் கோரிக்கை மனுவுமாகத் தோழர்கள் வீடு வீடாகச் செல்லட்டும்.