'மஸ்ட்' என்னும் ஒரு சொல்

"கேன், குட், மே, மைட், ஷால், வில், மஸ்ட்" என்று ஆங்கிலத் துணைவினைகளை ஒரே மூச்சில் ஒப்புவிக்கத் தெரியாதவர் நம்மில் யார்? ஆனால் ஒப்புவித்துவிட்டதனாலேயே அவற்றின் பொருளை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு.

விடுதி மாணவி ஒருத்தி, தந்தையின் விருப்பப்படி அவருக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதுவது வழக்கம். ஒருமுறை அவருக்கு உடல்நலமில்லை என்று அறிந்து, "இம்மாதம் தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை" என்று எழுத நினைத்தாள். 'வேண்டும்' என்றால் 'மஸ்ட்' என்று மனப்பாடம் செய்திருந்தவள், அதனோடு 'நாட்' சேர்த்து எழுதிவிட்டாள். தந்தை படித்ததோ, "தாங்கள் வரக்கூடாது" என்று! மகளின் அன்பு, கட்டளையாக மாறிப் போய்ச் சேர்ந்தது.

'மஸ்ட் நாட்' என்பது தடை. 'நீட் நாட்' என்பது கட்டாயமின்மை. இவ்வேறுபாடு நமக்குப் புதிதா? 'வரக்கூடாது', 'வர வேண்டியதில்லை' என்ற இரண்டையும் நம் வீட்டுச் சிறு குழந்தைகூடக் குழப்பிக்கொள்வதில்லையே! வகுப்பு வாயிலில் நின்று "உள்ளே வரலாமா?" என்றுதானே கேட்கிறோம்? "உள்ளே வர முடியுமா?" என்று கேட்பதில்லை. முன்னது 'மே', பின்னது 'கேன்'. தோழியரிடையே அனுமதி கேட்கவும் 'கேன்' வழங்குகிறது என்றாலும், பெரியோரிடம் 'மே' என்பதே பணிவு.

ஆங்கில வகுப்பில் தமிழ் கலந்தால் ஆங்கிலம் கெடும் என்பர் சிலர். அவர்தம் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், பொருள் விளங்காமல் உருப்போட்ட ஆங்கிலமே கெட்ட ஆங்கிலம் என்பது என் கருத்து. முதலில் தாய்மொழியில் பொருளைத் தெளிந்து, பிறகு ஆங்கிலத்தில் பழகுவதே நேர்வழி.

இச்சொற்கள் சிறியவை; ஆனால் கடமையையும் உரிமையையும் தாங்குபவை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு எவருக்கும் மறுக்கலாகாது என்னும் 14ஆம் பிரிவில் 'ஷால்' நிற்கிறது. நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் புதிய மாநிலம் அமைக்கலாம் என்னும் 3ஆம் பிரிவில் 'மே' நிற்கிறது. முன்னது கடமை, பின்னது அதிகாரம். 

ஆகவே, தோழியரே, அடுத்த முறை 'மஸ்ட்' என்று எழுதுமுன் ஒரு கணம் நின்று, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன்?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் மட்டுமன்று, ஒரு தந்தையின் மனமும் காப்பாற்றப்படும்.