கேழ்வரகு ரொட்டி நம் கல்லில் மீண்டும் வேகட்டும்

மலேசியாவின் பெர்மாஸ் ஜெயாவில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் இன்று இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். கேழ்வரகு ஏழைகள் உண்பது, மலைவாசிகள் தின்பது என்ற ஏளனத்துக்கு எங்கள் வீடுகளில் இனி இடமில்லை.

சேலம், வட ஆர்க்காடு, திருச்சி மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி. நாளடைவில் கேழ்வரகு, கைக்குழந்தைக்குக் காய்ச்சும் கூழாகச் சுருங்கிவிட்டது.

கேழ்வரகை விடாமல் காத்தவர்கள் பழங்குடி மக்கள். ஒடிசாவின் கோராபுட் மக்கள் இன்றும் கேழ்வரகை விளைத்து உண்கிறார்கள். குஜராத்தின் டாங் மலைப் பெண்கள் அதன் மாவை உள்ளங்கைகளுக்கிடையே தட்டி ரொட்டி சுடுகிறார்கள். கொல்லிமலையில் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி நிலத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும், சில மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் சிறுதானிய விதையைக் கைவிடவில்லை. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததன் பெருமை இவர்களுக்கே சேரவேண்டும்.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்கிறது 2023 தேசியச் சுகாதார ஆய்வு. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். கேழ்வரகு மருந்தென்று நாங்கள் சொல்லமாட்டோம். அதுவும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும், மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. ஆனால் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், மைதாவைவிட மிகுந்த நார்ச்சத்தும் உள்ள தானியத்தை ஒதுக்கிவிட்டு, தினமும் ரொட்டி சானாயில் பசியாறுவது நியாயமில்லை.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீடுகளில் கேழ்வரகு ரொட்டிதான் பசியாறல். கோதுமையின் பசைத்தன்மை இதற்குக் கிடையாது, தேய்த்தால் விண்டுபோகும். உப்பிட்ட கொதிநீரில் மாவைக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் ஈரக்கையால் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்க்க வேண்டும். இலை வாடியதும் உரித்தெடுக்கலாம். இதெல்லாம் தெரிந்த பாட்டிமார் நம்மிடையே இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளைகளும் அவர்களிடம் கற்கவேண்டும்.

பகட்டுப் பொட்டலத்தில் விலையேற்றி விற்கும் மாவு எங்களுக்கு வேண்டாம். முழுத் தானியம் வாங்கி, கழுவிக் காயவைத்து, கூட்டாக அரைப்போம். மளிகைக் கடைக்காரர்களே, எந்த ஊரில் யார் விளைத்தது என்று கேட்டு வாங்குங்கள். கோயில் அன்னதானத்திலும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் இந்த ரொட்டிக்கு இடம் கேட்போம்.

பெர்மாஸ் ஜெயாத் தமிழர்களே, ஆளுக்கு ஒரு கிலோ கேழ்வரகோடு வந்து சேருங்கள்.