‘மருந்து’ என்று சொல்லாதீர்கள்

நம் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு வகை மருந்துக் கடைகள் உண்டு. ஒன்றில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிறோம். மற்றதில் கத்தரிக்காய்ப் புழுவுக்குப் புட்டி வாங்குகிறோம். இரண்டு பலகைகளிலும் ‘மருந்து’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. முன்னது உயிரைக் காப்பதற்காக உருவாக்கப்பட்டது. பின்னது உயிரைக் கொல்வதற்காகவே உருவாக்கப்பட்டது. வயல் வரப்பில் நின்று ‘மருந்து அடித்தாயிற்றா?’ என்று கேட்கிறோம். நோயாளியின் தலைமாட்டில் நின்று ‘மருந்து கொடுத்தாயிற்றா?’ என்று கேட்கிறோம். ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்து, என்னவென்று விசாரித்தால், ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்கிறார்கள். இந்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டு நம்மில் எவருக்கும் ஒரு கணம்கூடக் குழப்பம் ஏற்படுவதில்லை. அந்த அளவுக்கு இச்சொல் நம் நாவில் ஊறிவிட்டது.

இது வெறும் வழக்குச் சொல்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்போர் நம்மிடையே நிறைய உள்ளனர். அவர்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறோம்.

பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. நஞ்சு இருந்த கலத்திலேயே எண்ணெயும் வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் 55 ஆண்டுகளுக்கு முன்னர், 1958இல், கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கும் மேல் மாண்டனர். உணவோடு சேர்த்து அதே கப்பலில் அந்த நஞ்சும் ஏற்றப்பட்டிருந்தது. இந்தத் துயரத்துக்குப் பின்னரே 1968இல் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் நஞ்சும் உணவும் அருகருகே வைக்கப்பட்டன. நஞ்சை நஞ்சென்று பெயர் சொல்லி அழைக்கும் வீட்டில், அந்தக் காலிப் புட்டியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்க எந்தத் தாய்க்காவது கை வருமா? ‘மருந்துப் புட்டி’ என்றால் கை வந்துவிடுகிறது. நம் வீடுகளின் கொல்லைப்புறத்திலும், மாடிப்படியின் அடியிலும், சில நேரம் அடுப்பங்கரை அலமாரியின் மேல்தட்டிலும் இன்றும் அப்புட்டிகள் இருக்கின்றன.

அந்தப் புட்டியின் மேல் ஒரு சாய்சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரமானது, பச்சை குறைந்தது. குறைந்தது என்றால் நஞ்சில்லாதது என்று பொருளல்ல. ஆனால், இதே நாட்டில் உணவுப் பொட்டலத்தின் மேல் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவ உணவு என்று பொருள். கடைக்காரர்கள் ‘பச்சைதான், பயப்படாதீர்கள்’ என்று சொல்லி விற்பதை நாமே கேட்டிருக்கிறோம். வாங்குகிறவரும் அதை இயற்கைப் பொருள் என்று எண்ணிக் கொண்டு வெறுங்கையால் கலக்குகிறார்.

சொற்பொருள் வரையறை என்பது நமக்குப் புதிய கலையல்ல. மதரஸாவில் ஓதிய எவரும் இதை அறிவர். ஃபிக்ஹு நூல்களில் ஒரு பாடம் தொடங்கும்போதே, அச்சொல்லுக்கு அகராதிப் பொருள் என்ன, ஷரீஅத்தின் வழக்கில் பொருள் என்ன என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் மேலே செல்வார். ஜகாத் என்றால் அகராதியில் வளர்ச்சி, தூய்மை. மார்க்க வழக்கில் குறிப்பிட்ட செல்வத்திலிருந்து குறிப்பிட்டோருக்குக் கொடுக்கும் குறிப்பிட்ட பங்கு. நீரைக்கூட வெறுமனே நீர் என்று விட்டுவிடவில்லை. தானும் தூய்மையாய் இருந்து பிறவற்றையும் தூய்மையாக்கும் நீர், தான் மட்டும் தூய்மையான நீர், அசுத்தம் கலந்த நீர் என்று வகைப்படுத்திய பின்னரே ஒளூவைப் பற்றிப் பேசினார்கள்.

உழவிலும் அப்படித்தான். வானத்து மழையாலும் ஊற்றாலும் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு. உழைத்து நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு. மானாவாரி எது, இறைவை எது என்ற வரையறையில்தான் ஏழையின் பங்கு பாதியாகிறது அல்லது இருமடங்காகிறது. ஒரு சொல்லுக்குள் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது பாருங்கள்! கட்டணமில்லா மின்சாரத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடும் நம் வயல்கள் எந்த வகையில் சேரும் என்பதை ஆலிம்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நம் ஊர்களில் அப்படியொரு பேச்சை நாம் கேட்டதில்லை. உஷ்ரு என்ற சொல்லே பல விவசாயக் குடும்பங்களில் மறந்துபோய்விட்டது. (அதைத் தனியே எழுத வேண்டும்.) சொல்லின் எல்லையை இத்தனை நுட்பமாக அளந்த மரபில் வந்த நாம், வீட்டுக்குள் வரும் நஞ்சுக்கு மருந்தென்று பெயர் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

‘பூச்சி’ என்ற சொல்லும் இங்கே குற்றவாளிதான். வயலில் பறப்பதும் ஊர்வதும் எல்லாமே பூச்சி. பூச்சி எல்லாமே பகை என்பது நம் எண்ணம். வேளாண் அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. பயிரைத் தின்னும் உயிர் இருப்பதாலேயே அது ஒழிக்கப்பட வேண்டியதாகிவிடாது. அது உண்டாக்கும் இழப்பு, அதைக் கட்டுப்படுத்தும் செலவை எட்டும் அளவுக்குப் பெருகப் போகிறதா என்பதே கேள்வி. அந்த எல்லைக்குப் ‘பொருளாதாரச் சேதநிலை’ என்று பெயர். நெல்லைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவில் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி ஓர் எல்லையை இருமடங்காக்குகிறது. தெளித்த நஞ்சில் முதலில் சாவதோ பெரும்பாலும் அந்தச் சிலந்தியும் பொறிவண்டும்தான். காவலரைக் கொன்றுவிட்டு, திருடன் பெருகிவிட்டான் என்று மறுபடியும் கடைக்கு ஓடுகிறோம். ‘மருந்து’ என்றதும் நோய் வருமுன்னே கொடுத்துவைப்பது நல்லது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ‘கொல்லி’ என்றால், யாரை, எதற்கு என்று ஒருமுறையேனும் கேட்கத் தோன்றும்.

நம் தாய்மார்களிடம் ஒரு சொல் பழக்கத்தில் இல்லை: காத்திருப்புக் காலம். கடைசியாக நஞ்சு தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே கட்டாயம் விட வேண்டிய நாள்கள் அவை. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் ஒவ்வொரு பயிருக்கும் அது வேறுபடும். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கும் வெண்டைக்கும் கத்தரிக்கும் அந்தக் காலத்தைக் கடைப்பிடிப்பது எளிதன்று, சந்தை காத்திருக்காது. இதற்கு நம் அடுப்பங்கரைகளில் உள்ள பதில் உப்பும் மஞ்சளும் கலந்த நீர். மேற்பரப்பில் ஒட்டியதில் ஒரு பகுதி அதில் போகக்கூடும். ஆனால், செடியின் சாற்றோடு கலந்து இலை, தண்டு, காய் என்று பரவும் வகைக்கு ‘ஊடுருவிப் பாயும்’ நஞ்சு என்று பெயர். காயின் உள்ளே இருப்பதை வெளியே ஊற்றும் நீர் எப்படிக் கழுவும்?

இனி, ‘உணவுப் பாதுகாப்பு’ என்ற சொல். 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உண்ணும் பொருள் கேடு விளைவிக்காததாக இருக்க வேண்டும் என்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர்ப்புற மக்களில் 75 விழுக்காட்டினர் வரையிலும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினர் வரையிலும் மலிவு விலையில் தானியம் பெற உரிமையுடையோர் என்கிறது. முதலாவது தட்டில் உள்ளதன் தூய்மையைப் பற்றியது. இரண்டாவது தட்டில் ஏதேனும் இருக்கிறதா என்பதைப் பற்றியது. தமிழில் இரண்டுக்கும் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றே பெயர்! உணவகத்தில் கெட்ட இறைச்சியைப் பறிமுதல் செய்பவரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்தான். ரேஷன் கடையில் வழங்கும் மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ தானியத்துக்கு அடிப்படையாக நிற்பதும் உணவுப் பாதுகாப்புச் சட்டம்தான்.

ரோம் நகரில் 1996இல் கூடிய உலக உணவு மாநாடு இரண்டாவதற்கு ஒரு விரிவான வரையறை தந்தது. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலங்களிலும், போதுமான, தீங்கற்ற, சத்தான உணவு கையெட்டும் தூரத்திலும் வாங்கும் விலையிலும் கிடைப்பதே அது. அந்த அளவுகோலை நம் மஹல்லாவில் வைத்துப் பார்ப்போம். ரமழான் மாதத்தில் நோன்புக் கஞ்சியும் அரிசி மூட்டையும் கொடுத்துவிட்டு, ஷவ்வாலில் கதவைச் சாத்திக்கொள்கிறோமே, ‘எல்லாக் காலங்களிலும்’ என்ற நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. கொடுப்பவை பெரும்பாலும் அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும்தான். ‘சத்தான’ என்பதும் போயிற்று. உணவுக் கிட்டு வழங்கிய புகைப்படங்களின் கீழ் ‘உணவுப் பாதுகாப்புத் திட்டம்’ என்று எழுதுவோர் இந்த இரண்டு சொற்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். முன்னதற்கு ‘உணவுத் தூய்மை’ அல்லது ‘உணவு நலம்’ என்றும், பின்னதற்கு ‘உணவு உறுதி’ என்றும் வைத்துக்கொள்வதில் என்ன தடை? ஆகச் சரியான சொல்லைப் புலவர்கள் தேடட்டும். இரண்டும் வேறு என்றாவது நாம் அறிந்திருப்போம்.

அடுத்தது நமக்கே கசக்கும் பகுதி. ஜுமுஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாயிலில் தேன், கருஞ்சீரக எண்ணெய், பேரீச்சம்பழம், செக்கு எண்ணெய். எல்லாவற்றின் மேலும் ‘100% இயற்கை’. சிலவற்றின் மேல் ‘ஆர்கானிக்’ என்றும் ‘சுன்னத்தான உணவு’ என்றும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. இயற்கை என்ற சொல்லுக்கு எதையும் உறுதிசெய்யும் ஆற்றல் இல்லை. அரளி விதையும் இயற்கைதான். இயற்கை வேளாண்மை விளைபொருள் என்று சான்று பெற விதிமுறை உண்டு. ஆண்டுப் பயிரானால் விதைப்புக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள், நிலைப் பயிரானால் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலம் வேதிப்பொருள் இல்லாமல் மாற்றுக் காலத்தைக் கடந்திருக்க வேண்டும். சான்று பெற்ற பொட்டலத்தில் ‘ஜெய்விக் பாரத்’ முத்திரை இருக்கும். சான்றில்லாத எளிய விவசாயியிடமும் நேர்மையான விளைச்சல் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அவரை நேரில் அறிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால், எந்த ஊர்த் தேன், எப்போது எடுத்தது, பாகு கலந்ததா என்று கேட்டால், ‘நம்ம ஆள் விற்கிறார், சந்தேகப்படலாமா?’ என்று நம்மையே குற்றவாளியாக்குவதை எப்படி ஏற்பது? மார்க்கத்தின் பெயரைச் சரக்கின் மேல் ஒட்டியவருக்குப் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

அல்பகராவின் 168ஆவது வசனம் மனிதர் அனைவரையும் விளித்து, பூமியில் உள்ளவற்றை உண்ணச் சொல்லும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நாம் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். கோழியை அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அந்தக் கோழி என்ன தின்றது, எந்த மாத்திரையில் வளர்ந்தது, கூடையில் இருக்கும் வெண்டைக்காய்க்கு நேற்று என்ன தெளித்தார்கள் என்று கேட்பதில்லை. ‘காய்கறி எல்லாம் ஹலால்தானே’ என்று முடித்துவிடுகிறோம். அனுமதிக்கப்பட்டது என்பதும் நல்லது என்பதும் ஒன்றாயிருந்தால் இரண்டு சொற்கள் எதற்கு?

நிலத்தைப் பற்றிய சொற்களையும் விடுவதற்கில்லை. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறம்பாய் நின்ற நிலத்தின் பெயர். ஊர்ப் பொது மேய்ச்சலும் குளத்தங்கரையும் மயானமும் அதில் அடங்கும். இன்று அது வசைச்சொல். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பயனற்ற தரிசு என்று கருதியதால்தான் அதன் ஒரு பகுதியில் ஊர்க் குப்பையைக் கொட்டினோம். 2022இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மாறாக, முத்துப்பேட்டைக் கடலோரத்தார் தங்கள் காட்டுக்கு அலையாத்தி என்று பெயர் சொல்கிறார்கள். அலையை ஆற்றுவது. என்ன செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது அந்தக் காடும் பெருஞ்சேதம் அடைந்தது. அதைத் தரிசென்று சொல்ல அங்கே எவருக்கும் நா எழாது.

‘படித்தவர்கள் எழுதுவீர்கள், பேச்சு வழக்கை மாற்ற முடியுமா?’ என்பது கடைசியாக வரும் மறுப்பு. மாறியிருக்கிறதே! களைச்செடியை அழிப்பதைக் களைக்கொல்லி என்று இன்று உழவரே சொல்கிறார்கள். அதை எழுதிய எழுத்தும் பேசிய பேச்சும்தான் அந்தப் பழக்கத்தைத் தந்தன. பூச்சிக்கொல்லி என்ற சொல்லும் பாடநூல்களில் நெடுநாளாக இருக்கிறது. வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவே. தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில் தமிழ்நாடு அரசு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தடை செய்தது. நாமோ இன்னும் அதை ‘எலி மருந்து’ என்றே குழந்தைகள் காதுபடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனவே, ஜமாஅத் நிர்வாகிகளிடமும் மக்தப் உஸ்தாதுகளிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்பது மிகச் சிறியது. இந்த வாரம் வீட்டில் உள்ள அந்தப் புட்டிகளைத் தேடி எடுங்கள். முக்கோணத்தின் நிறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சமையலறையிலிருந்தும் மாத்திரைப் பெட்டியிலிருந்தும் அவற்றைப் பிரித்து, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். காலிப் புட்டியை ஓட்டையிட்டு, எவரும் மறுபடி எடுத்துப் புழங்க முடியாதபடி செய்யுங்கள். யாராவது ‘மருந்து எங்கே?’ என்று கேட்டால், ‘எந்த மருந்து? காய்ச்சலுக்கா? இது நஞ்சு’ என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.