முடியழகும் குணவழகும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர். இன்றைய இளைஞரிடத்தில் ஆடையின் பங்கிலும் பாதியைத் தலைமுடி பறித்துக்கொண்டது எனலாம். காலை வேளையில் திருப்போரூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மாணவரைக் காணுங்கள். 'ஜெல்' பூசிய தலைகள் பல. "படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு?" எனப் பெரியோர் சினக்கின்றனர்.

சுருள்முடி மாணவர் ஒருவர், தலை கலைந்திருந்தமைக்காக வகுப்பு வாயிலில் நிறுத்தப்பட்டதைக் கண்டிருக்கிறேன். மறுநாள் அவர் ஜெல் பூசிப் படிய வாரி வந்தார்; அதற்கும் கண்டனமே கிடைத்தது! அவர் என்னதான் செய்வார்?

குற்றம் அவருடையதன்று, காற்றினுடையது. இவ்வூருக்குக் கிழக்கே உப்பங்கழியும் அதற்கப்பால் வங்கக்கடலும் உள்ளன. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் அவிழ்ந்து, வேறு நிலையில் மீண்டும் சேர்கின்றன. ஆதலின் வீட்டில் வாரிய முடி வழியிலேயே சிலிர்த்தெழுகிறது. ஜெல்லில் உள்ள பாலிமர் உலர்ந்ததும் மெல்லிய படலமாகி முடியைப் பிடித்து நிறுத்துகிறது. அத்தகைய பாலிமர்களுள் ஒன்றான பொவிடோன், காயத்திற்குத் தடவும் பொவிடோன் அயோடின் மருந்திலும் உண்டு. பொருளில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை.

முடி பேணுதல் நமக்குப் புதிதுமன்று. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி கூந்தலைக் கழுவி, நறும்புகையில் உலர்த்தியதைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறுகிறது. இன்று கண்டிக்கும் பெரியோர் பலரும் இளமையில் பிரில்கிரீம் பூசியவர்களே! 1928-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த அதன் விளம்பரத்தில், நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் பரோக் எஞ்சினியர் தோன்றியதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எனினும் மாணவர்க்கும் சொல்ல வேண்டுவன உண்டு. சுருள்முடி ஒரு குறை என்று கூறும் விளம்பரத்தை நம்பாதீர். சாராயச்சத்து மிகுந்த ஜெல் முடியை வறளச் செய்யும். கிளிசரின் மிகுந்தது நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை ஈர்த்து முடியை மேலும் சிலிர்க்கச் செய்யும். சுண்டைக்காய் அளவே எடுத்து, ஈரமுடியில் தடவி, உலரும்வரை தொடாதிருத்தல் நன்று. உறங்குமுன் கழுவிவிடுக, இன்றேல் உதிரும் செதில் பொடுகெனத் தோன்றும். கைச்செலவு குறைய வேண்டுவோர் ஆளிவிதையை நீரில் கொதிக்கவைத்து, வடித்தெடுத்த கூழைப் பயன்படுத்தலாம். அது சில நாளே கெடாதிருக்கும்.

உலகம் பழிக்கும் தீயொழுக்கத்தை நீக்கிவிட்டால், தலையை மழித்தலோ சடை வளர்த்தலோ வேண்டியதில்லை என்பது வள்ளுவர் வாக்கு. துறவியர்க்கு உரைத்த அவ்வறம் நமக்கும் பொருந்தும். முடியைக் கொண்டு மாணவனை ஆசிரியர் அளக்க வேண்டா. கண்ணாடியைக் கொண்டு தன்னை மாணவனும் அளக்க வேண்டா. தலைக்கு வெளியே பூசுவது மாலைக்குள் கரைந்துவிடும். தலைக்கு உள்ளே சேர்ப்பதே வாழ்நாள் முழுதும் நிற்கும்.