மரமும் பூண்டும் ஒரு குலம்

பொம்மிடி இரயில் நிலையத்தில் இறங்கிச் சேர்வராயன் மலையடியை நோக்கிச் சென்ற விடுமுறையில் சில மாணவருடன் நடந்தோம். வழியில் ஒரு முசுக்கட்டைத் தோட்டம் தென்பட்டது. தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்புப் பல குடும்பங்கட்கு ஜீவனமாயிருப்பதை அன்பர்கள் அறிவர். அத்தோட்டத்தில் நின்ற சிறு செடியொன்றைச் சுட்டி, ‘இது முசுக்கட்டைக் கன்றுதானே?’ என்று ஒரு மாணவர் வினவினார். அருகே களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி நகைத்து, ‘அது குப்பைமேனி, ஐயா! இதுகூடத் தெரியாதா?’ என்றார்.

அம்மாணவர் முசுக்கட்டைக் குடும்பத்தின் இலக்கணத்தைப் பரீட்சையில் பிழையின்றி எழுதியவர். ஆயினும் குப்பைமேனி ஆமணக்கின் சுற்றமென்றும், இலையின் சாயலொன்றே அதனை முசுக்கட்டையெனக் காட்டிற்றென்றும் அவர்க்குத் தோன்றவில்லை. நாம் நாணினோம். அந்நாணத்தின் பயனே இக்கட்டுரை.

முசுக்கட்டைக் குலம் என்றவுடன் நம் மனத்தில் எழுவன ஆல், அரசு, அத்தி, பலா முதலிய பெருமரங்களே. அக்குலத்தில் முழங்கால் உயரத்துப் பூண்டுகளும் உள என்பதை நாம் எண்ணுவதில்லை. கிழக்காசியாவில் பாத்துவா என்னும் ஒரு களைப்பூண்டு உண்டு. ஜப்பானியர் அதனைக் குவாகுசா என்பர். முசுக்கட்டைப் பூண்டு என்பது அதன் பொருள். கல்வியறிவில்லாத உழவரும் அதன் உறவை அறியும்படி அப்பெயர் அமைந்துள்ளது. அப்பூண்டு மிக இளம் பருவத்திலேயே பூத்து, முற்றிய விதைகளைச் சில அடி தூரம் தானே தெறித்து எறியும் வன்மையுடையது. 1964ஆம் ஆண்டில் அது அமெரிக்காவின் லூசியானாவில் முதன்முதல் பதிவு செய்யப்பட்டது. பின்னர் நாற்றங்கால் தொட்டிகளின் மண்ணோடு பல மாநிலங்கட்குப் பரவிற்று. அங்கும் அதனைக் குப்பைமேனியின் இனத்துச் செடியென மயங்குவோர் உளர். நம் மாணவர் கொண்ட மயக்கத்தின் மறுபுறம் அது!

தெறிக்கும் இயல்பு அப்பூண்டிற்கு மட்டும் உரியதன்று. முசுக்கட்டையின் ஆண்பூவிலுள்ள மகரந்தத்தாள் வில்லென வளைந்திருந்து, சட்டென நிமிர்ந்து மகரந்தத்தை வீசுகின்றது. அவ்வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கு மேற்பட்டதென 2006இல் அளந்து கண்டனர். குலத்தின் குணம் மரத்திலும் பூண்டிலும் ஒருங்கே விளங்குதல் வியப்பன்றோ?

இன்னுமொரு சான்று கூறுவோம். காண்டற்கரியதை நம்மவர் ‘அத்தி பூத்தாற்போல’ என்பர். உண்மையில் அத்தி ஆண்டுதோறும் பூக்கின்றது. அதன் பூக்கள் காயென நாம் கருதும் குடத்தினுள் அடைபட்டிருத்தலால் கண்ணுக்குப் புலனாவதில்லை. இம்மறைபொருளை விளக்க வல்லது அதே குலத்துச் சிறுபூண்டாகிய தோர்ஸ்டீனியா. அதன் ஓரினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் நிழலான இடங்களில் வளர்கின்றது. தட்டுப்போல் விரிந்த ஒரு பரப்பின்மீது அதன் நுண்பூக்கள் நெருங்கி அமைந்திருக்கும். அத்தட்டின் விளிம்புகளைக் குவித்து மூடினால் எப்படியிருக்குமென்று எண்ணுக. அத்திக்காயின் அமைப்பு விளங்கும். பெருமரம் மறைத்ததைச் சிறுபூண்டு திறந்து காட்டுகின்றது.

உறவு இவ்வளவோடு நிற்பதன்று. பழைய தாவர நூல்கள் சிலவற்றில் ஆலமரமும், கஞ்சாவும், மேலே பட்டால் நெருப்பெனச் சுடும் மலைச்செடிகளும் ஒரே குடும்பமாக எண்ணப்பட்டன. இற்றைநாள் அறிஞர் அவற்றை வெவ்வேறு குடும்பங்களாகப் பிரித்தும், ரோஜாவையும் இலந்தையையும் கூட்டி ஒரே வரிசையில் வைத்துளர்.

‘களைக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு? மருந்தைத் தெளித்தால் ஒழிந்தது’ என்பார் சிலர். முசுக்கட்டைத் தோட்டத்தில் அது பொருந்தாது. இலையில் படியும் நஞ்சு அவ்விலையை உண்ணும் புழுவையும் மாய்க்கும். உழவரின் ஒரு பருவத்து உழைப்பு பாழாகும். அன்றியும், புதுக் களை இன்னதென்று தொடக்கத்திலேயே அறியாவிடின் பின்னர் அதனைத் தடுத்தல் அரிது. 1950களில் பூனாவில் காணப்பட்ட பார்த்தீனியம் நாடெங்கும் பரவி, மாந்தர்க்கும் கால்நடைக்கும் இடுக்கண் செய்வதை யாரறியார்? இன்று தொலைவிலுள்ள நாற்றங்கால்களிலிருந்து செடிகள் மண்ணோடு நம்மூர்க்கு வருகின்றன. அத்தொட்டியில் உடன் முளைப்பது யாதென்று நோக்கும் கண்கள் வேண்டும். அக்கண்களைத் தருதல் கல்லூரியின் கடமை.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். தாவர நூல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குப் பத்துச் சிறுபூண்டுகளைத் தம்மூரில் தேடி, அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்துக் கல்லூரிக்கு அளித்தல் வேண்டும். களையெடுக்கும் பெண்டிர் அதற்கு வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுதல் வேண்டும். 1967இல் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் தந்தை மாத்யூ நிறுவிய இராபினா தாவரக் காப்பகம், ஒரு கல்லூரியில் இருந்துகொண்டே எத்துணைப் பெரும்பணி ஆற்றலாம் என்பதற்குச் சான்றாய் விளங்குகின்றது. பழைய மாணவரும் தத்தம் ஊரிலிருந்து செடிகள் அனுப்பி உதவுவாராக.

ஆலமரத்தை அண்ணாந்து நோக்கி வியத்தல் எளிது. அதன் சிறிய உறவினரைக் காணக் குனிதல் வேண்டும். பொம்மிடி மூதாட்டி நாள்தோறும் குனிந்தே கற்றவர். நாமும் சற்றே குனிவோமாக.