அச்சுப் பிழையும் அடிபட்ட காசும்

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் பணம், விளிம்பு வெட்டுப்பட்ட ஒரு ரூபாய் இருந்தால் அதற்கும் லட்சம் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. அதை நம்பி அஞ்சறைப்பெட்டியையும் உண்டியலையும் கொட்டிப் பார்ப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பணத்தேவை நெருக்கும்போது யாரும் கொட்டிப் பார்ப்பார்கள். காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முதலில் கட்டணம் கட்டு, வரி கட்டு என்று பறிக்கும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையுமே பயன்படுத்தத் துணிந்தன. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த எச்சரிக்கை தேவைதான், ஆனால் போதாது. அடிபட்டுத் தேய்ந்த காசைப் ‘பிழைக் காசு’ என்று நம்பவைக்கும் இடத்திலேயே பல ஏமாற்றுகள் தொடங்கிவிடுகின்றன. காசில் உள்ள கோளாறு நாணயச் சாலையின் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று சொல்ல முடிந்தால்தான் அது பிழை. முடியாவிட்டால் அதைச் சேதம் என்றே கொள்ள வேண்டும். சொல்ல வேண்டிய பொறுப்பும் விற்பவருடையது.

காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இதில் மர்மம் எதுவும் இல்லை. உலோகப் பட்டையிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். ஓர் இயந்திரம் வில்லையைச் சுற்றிலும் நெருக்கி விளிம்பை மேடாக்குகிறது. பிறகு, சுற்றுவளையம் ஒன்று பிடித்திருக்க, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள் பெரும் அழுத்தத்தோடு வில்லையை அடிக்கின்றன. உண்மையான பிழை ஒவ்வொன்றும் இவற்றில் ஏதாவது ஒரு கட்டத்தின் தடயத்தைச் சுமந்திருக்கும். வெட்டுப்பட்ட விளிம்பையே எடுத்துக்கொள்வோம். பட்டை சரியாக நகராமல், முன்பே வெட்டப்பட்ட ஓட்டையின் மீது வெட்டும் கருவி மீண்டும் விழுந்தால், வில்லையில் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். அந்த வில்லை விளிம்பு நெருக்கும் இயந்திரத்துக்குள் போகும்போது, குறைந்த பக்கத்தில் பிடி கிடைக்காது. அதனால் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் விளிம்பு சரியாக எழும்பாது. ஆகவே காசைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது வெட்டுக்கு எதிர்ப்புற விளிம்பைத்தான். அது மங்கித் தட்டையாக இருந்தால், வில்லையாக இருந்தபோதே குறைபட்டது என்று நம்ப நல்ல காரணம் உண்டு. அங்கே விளிம்பு முழுசாக, கூர்மையாக நிற்க, வெட்டுப்பட்ட இடத்தில் எழுத்து பாதியோடு அறுந்திருந்தால், அரமோ வெட்டிரும்போ பிற்பாடு வேலை செய்திருக்கிறது.

கோடுகளுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு: அது மேடா, பள்ளமா? அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும். காசின் மேல் மயிரிழை போல மேடாக ஒரு கோடு தெரியும். காசைக் கல்லிலோ ஆணியிலோ உரசினால் விழுவது பள்ளம். அதன் இரு கரைகளிலும் ஒதுக்கித் தள்ளப்பட்ட உலோகம் பிசிறாக நிற்கும். பள்ளமெல்லாம் சேதமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இல்லை. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே கம்பித் துணுக்கோ நூலோ சிக்கினாலும் பள்ளம்தான் விழும். ஆனால் அந்தப் பள்ளத்தின் கரையில் பிசிறு இருக்காது. உலோகம் அங்கே கீறப்படவில்லை, அழுத்தப்பட்டிருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் எந்த நகைக்கடையிலும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் காண அது போதும். ஒரே பக்க உருவம் மறுபக்கத்தில் கண்ணாடி பிம்பமாகப் பதிந்த காசுகளையும் இப்படியே தீர்த்துவிடலாம். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லைக்கு அதுவே அச்சாக அமைந்தால் இந்தப் பிழை நேரும்; அப்போது இன்னொரு பக்கம் தெளிவாகவே விழும். இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கியதென்றால், ஏற்கெனவே இருந்த உருவத்தின் மேல் தலைகீழ் எழுத்து ஏறி நிற்கும், பின்பக்கமும் நசுங்கியிருக்கும். பத்து ரூபாயின் நடுவட்டம் விலகியிருந்தால், சிங்கமும் எழுத்தும் இரண்டு உலோகங்களின் மீதும் அறுபடாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அடிக்கும்போதே விலகியிருந்தது. வட்டத்தோடு உருவமும் திரும்பியிருந்தால் யாரோ தட்டிக் கழற்றி மாட்டியது.

பிழையும் இல்லாத, சேதமும் இல்லாத காசுகளையும் ‘அபூர்வப் பிழை’ என்று விற்கிறார்கள். வைஷ்ணவ தேவி காசு 2012ஆம் ஆண்டு பொறித்து, எல்லோரும் புழங்கவே வெளியிட்ட நினைவு நாணயம். ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லாவிட்டால் அது கொல்கத்தா நாணயச் சாலையின் காசு. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று இருக்க, கொல்கத்தா குறி இடுவதில்லை. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் உள்ள ‘எச்’ எழுத்து, பர்மிங்ஹாமில் அடித்து வாங்கியதற்கான அடையாளம். 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் யானைச் சின்னம் பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டே வடிவத்தை மாற்றினார்கள்; அது வரைந்தவரின் குறை, அடித்தவரின் பிழை இல்லை. கையால் அடித்த பழங்காசுகளில் உருவம் ஓரம் ஒதுங்கியிருப்பது இயல்பு. ராஜராஜன் செப்புக்காசில் நிற்கும் உருவத்தின் தலை வெளியே போய்விட்டதற்காகக் கூடுதல் விலை கேட்பவர், அந்தக் காலத்துத் தொழிலை அறியாதவர் அல்லது அறிந்தே பொய் சொல்பவர்.

சேதம் என்றால் மதிப்பே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. புதுக்கோட்டை வட்டாரத்தில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அச்சுச்சாலையில் நேர்ந்ததல்ல அது. இங்கே, தமிழ் மண்ணில், யாரோ வேண்டுமென்றே செய்த காரியம். ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். புழக்கத்திலிருந்து விலக்கத்தான் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அந்த வெட்டு வரலாற்றுச் சான்றாக நிற்பதே, அதைப் பிழை என்று யாரும் சொல்லாமல் வெட்டு என்று சரியாகப் படித்ததால்தான். பழைய வெள்ளி ரூபாய்களில் சராப்புக் கடைக்காரர்கள் குத்திய முத்திரைகளும் அப்படியே. காசு நோட்டம் பார்ப்பது நமக்குப் புதிய தொழிலா என்ன? நாணயம் சோதிப்பவரைக் குறிக்கும் வண்ணக்கன் என்ற தொழிற்பெயரோடு சங்கப் புலவர்களே இருந்திருக்கிறார்கள். இன்று வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. பழைய செப்புக்காசு கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். நூறு ஆண்டு படிந்த பச்சைக் களிம்போடு, மயிரிழைக் கோடும் விளிம்பின் கூர்மையும் போய்விடும். பிறகு எந்த நிபுணரிடம் காட்டியும் பயனில்லை. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

இதையெல்லாம் சாதாரண மக்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், விஷயம் தெரிந்த வியாபாரி உண்மைப் பிழையையே சேதம் என்று தட்டிக்கழித்து மலிவாக வாங்கிவிட மாட்டாரா என்றும் கேட்கலாம். நடக்கக் கூடியதுதான். காரணம் கேட்கும் பழக்கம் காசு வைத்திருப்பவருக்கும் அதனால்தான் வேண்டும். சேதம் என்று சொல்லும் வியாபாரி, எதிர்ப்புற விளிம்பையோ பிசிறையோ காட்டிச் சொல்லட்டும். தராசு இன்னும் எளிது. பழைய செம்பு-நிக்கல் ஐந்து ரூபாயின் எடை 9 கிராம். 2019க்கு முன்பு பித்தளை நிறத்தில் வந்த ஐந்து ரூபாய் 6 கிராம். அதே காலத்துப் பத்து ரூபாய் 7.71 கிராம். வேறு காசுக்கான வில்லையில் அடித்தது என்று ஒருவர் சொன்னால், அந்த வேறு காசின் எடை தராசில் தெரிய வேண்டும். அமிலத்தில் ஊறவைத்த காசு எடையும் குறைந்து, அகலமும் சுருங்கி, எழுத்தெல்லாம் ஒரே சீராகக் கரைந்திருக்கும். சட்டத்திலும் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, உருச்சிதைக்கப்படாத, குறித்த எடைக்குக் கீழே குறையாத காசுதான் செல்லும். அரத்தால் அறுத்து ‘பிழை’ உண்டாக்குபவர், லட்சம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஒரு ரூபாயின் முகமதிப்பையும் அழிக்கிறார்.

இப்படிப்பட்ட விளம்பரங்களை ஏற்கும் விற்பனைத் தளங்கள், பிழைக் காசு என்ற பெயரில் வரும் எதற்கும் இரு பக்கப் படம், விளிம்பின் படம், எடை, நாணயச் சாலையில் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்ற ஒரு வரி விளக்கம் ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். ‘உங்களிடம் இந்தக் காசு இருக்கிறதா’ என்று செய்தி போடும் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும், அதை வெளியிடும் முன் இதே விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியை விட்டுவிட வேண்டும்.